அழித்த பாதமும் கருத்த வானமும்

செய்திப் புகைப்படங்களுக்கு உலக அளவில் நடக்கும் பெரிய போட்டி வேர்ல்ட் பிரஸ் போட்டோ. 2010இல் அதன் விளையாட்டுப் பிரிவில் மூன்றாம் பரிசு பெற்றவர் உக்ரைனைச் சேர்ந்த ஸ்தெபான் ரூதிக். கீவ் நகரில் தெருச்சண்டை போடும் இளைஞர்களைப் பற்றிய படத்தொடர் அது. அறிவித்த சில வாரங்களிலேயே அந்தப் பரிசு பறிக்கப்பட்டது. தொடரில் ஒரு படம், ஒருவருடைய கையில் கட்டுப் போடுவதைக் காட்டுகிறது. அந்தக் கையை ஒட்டிப் பின்னால் வேறொருவரின் பாத நுனி கொஞ்சம் தெரிந்தது. ரூதிக் அதை அழித்துவிட்டார். மூலப் படத்தை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்ததும் போட்டி அமைப்பு அவரைத் தகுதி நீக்கம் செய்தது. பிறகு மூலமும் பரிசுப் படமும் அருகருகே வெளியானபோது பலருக்கும் குழப்பமே மிஞ்சியது. மூலம் அகலமான வண்ணக் காட்சி. ரூதிக் அதிலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, ஓரங்களை இருளச் செய்து, பழைய ஃபிலிமின் சொரசொரப்பையும் ஏற்றியிருந்தார். ஒன்றிலிருந்துதான் மற்றொன்று வந்தது என்று நம்புவதே கடினம். அத்தனை மாற்றங்களையும் விதி பொறுத்துக்கொண்டது. பாத நுனி போனதைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

இது என்ன நியாயம் என்று அப்போது பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான், ஆனாலும் தீர்ப்பு சரியானது என்பதே என் கருத்து. ஒரு படத்தைத் திருத்துவது எங்கே முடிகிறது, உலகத்தையே மாற்றிப் புனைவது எங்கே தொடங்குகிறது என்பதை மாற்றத்தின் அளவை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்று இந்த வழக்கு காட்டுகிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதில் இருப்பது ஒரு கோடு அல்ல, இரண்டு. திருத்தத்துக்கும் புனைவுக்கும் நடுவே ஒன்று. புனைவுக்கும் பொய்க்கும் நடுவே மற்றொன்று. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதால்தான் எடிட்டிங் பற்றிய நம் சண்டைகள் முடிவதே இல்லை.

திருத்தாத படமே இல்லை

கை வைக்காத படம்தான் உண்மையான படம் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. மதுரையையும் தஞ்சாவூரையும் முறையாகப் படமெடுத்த முன்னோடிகளில் ஒருவர் லினேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி, 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1858இல் அவர் எடுத்த கோயில், அரண்மனைப் படங்களை இன்றும் ஆய்வாளர்கள் ஆதாரமாகக் கொள்கிறார்கள். அவற்றில் பல படங்கள் தூரிகை பட்டவை. அந்தக் கால ரசாயனம் நீல ஒளியை அளவுக்கு மீறி உள்வாங்கும். பச்சையையும் சிவப்பையும் சரியாக உணராது. கோபுரத்துக்குப் போதுமான நேரம் ஒளி விழுந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும், மரங்கள் கரிய திட்டுகளாகிவிடும். அதனால் டிரைப் தன் காகித நெகட்டிவ்களின் மேல் நிறமி பூசி மேகங்களைத் தீட்டினார், இலைகளில் வெளிச்சம் சேர்த்தார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் பிரான்சில் குஸ்தாவ் லெ க்ரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் பிரிண்ட் போட்டுப் புகழ்பெற்றார்.

இன்றைய கேமராவும் கண்டதை அப்படியே தருவதில்லை. பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களின் சென்சாரில் ஒவ்வொரு பிக்ஸலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் பிக்ஸல்களைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆக, ஒரு வண்ணப்படத்தின் நிறத்தகவலில் மூன்றில் இரண்டு பங்கு கணக்குப் போட்டுப் பெற்றது. செல்போன் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு தடவை பொத்தானைத் தொட்டால் பல ஃபிரேம்களை எடுத்து, அடுக்கி, இருண்ட இடத்தைத் தூக்கி, வெளுத்த இடத்தை அடக்கி, ஒரே படமாக்கித் தருகிறது. ஆகவே, எடிட் செய்தீர்களா என்று கேட்பதில் பயனில்லை. எல்லாருடைய பதிலும் ஆமாம் என்பதுதான். கேட்க வேண்டியது வேறு.

முதல் கோடு

ஒரு புகைப்படம் தானாகவே ஒரு சாட்சி சொல்கிறது. இந்தப் பொருள்கள், இந்த இடத்தில், இந்த ஒழுங்கில், ஒரே நேரத்தில் இருந்தன என்பதே அந்தச் சாட்சியம். அதைத் தொடாத வரை நாம் செய்வது திருத்தம். தொட்டுவிட்டால், புனைவுக்குள் வந்துவிட்டோம். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. படமெடுத்த அதே இடத்தில் அதே நொடியில் நின்ற இன்னொருவர், முடித்த படத்தைப் பார்த்து, நான் கண்டதும் இதுதான் என்று ஒப்புக்கொள்வாரா? கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து, உலகம் அன்று சாம்பல் நிறத்தில் இருந்ததாக யாரும் நினைப்பதில்லை. அது படத்தின் மொழி என்று எல்லாருக்கும் தெரியும். வெட்டுவதும் அப்படித்தான். படச்சட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று எந்தப் படமும் வாக்குக் கொடுப்பதில்லை. அதே இடத்தில் நின்று இன்னும் நீண்ட லென்ஸால் எடுத்திருந்தாலும் அதே காட்சிதான் கிடைத்திருக்கும். சட்டத்துக்கு உள்ளே இருப்பது மட்டும் இடையறாமல் அங்கே இருந்தது என்று படம் உறுதி சொல்கிறது. ரூதிக் அழித்த பாதம், எவ்வளவு சிறியதானாலும், அந்த உறுதியை உடைத்தது.

அமெரிக்க இயற்கைக் காட்சிப் படங்களின் பேராசான் ஆன்சல் ஆடம்ஸின் இரண்டு படங்கள் இந்தக் கோட்டைத் துல்லியமாகக் காட்டும். 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் எடுத்த நிலவுதயப் படத்தை அவர் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டார். ஆரம்பப் பிரிண்டுகளில் மேல் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும். பிந்தியவற்றில் இருட்டறை வேலையால் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. இருந்தும் நிலவு அங்கே இருந்தது, தேவாலயம் இருந்தது, கல்லறைச் சிலுவைகள் இருந்தன. இது மிக வலிமையான திருத்தம், அவ்வளவுதான். 1944இல் கலிபோர்னியாவின் லோன் பைன் ஊரிலிருந்து எடுத்த குளிர்கால விடியல் படத்தில் கதை வேறு. அங்கே குன்றுச் சரிவில் பள்ளி மாணவர்கள் ஊரின் முதலெழுத்துகளை வெள்ளைக் கற்களால் பெரிதாக அமைத்திருந்தார்கள். ஆடம்ஸ் அதைத் தன் படத்திலிருந்து நீக்கிவிட்டார். கண்ணுக்குத் தெரியும் மாற்றம் நிலவுதயப் படத்தைவிடக் குறைவு. ஆனால் கோட்டைத் தாண்டியது இரண்டாவது படம்தான். அந்த நீக்கத்தை அவர் ஒளிக்கவில்லை. பின்னாளில் தன் நூலிலேயே எழுதிவைத்தார்.

டிரைப்பின் படங்களையும் இதே முறையில் பிரித்துப் பார்க்கலாம். அவர் தீட்டிய மேகம் புனைவு. அன்று மதுரை வானத்தில் அது இல்லை. கோபுரம் சாட்சி. அவரே தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். இயற்கையில் எந்தக் கண்ணும் அந்தச் சுவரை அப்படி ஒரே பார்வையில் பார்த்ததில்லை. எழுத்து மாறவில்லை, வரிசை மாறவில்லை, இணைப்புகளும் மறைக்கப்படவில்லை. பல படங்களை ஒட்டினாலே அது புனைவு என்று சொல்லும் விதி, இந்த அருமையான ஆவணத்தைப் பொய் என்று ஒதுக்கிவிடும். கருவிகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இது கூடும், இது கூடாது என்று டிக் அடிப்பது போதாது என்பதற்கு இது ஒரு சான்று.

மறுப்பு ஒன்று இங்கே எழும், அது வலுவானது. பொருளைத் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் மாற்றியே பெரிய பொய் சொல்லலாமே? சொல்லலாம். 1994 ஜூனில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட அமெரிக்க விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்சனின் காவல்துறைப் படத்தை டைம், நியூஸ்வீக் ஆகிய இரு வார இதழ்களும் அட்டையில் போட்டன. நியூஸ்வீக் அப்படியே போட்டது. டைம் அவருடைய முகத்தைக் கருமையாக்கிப் போட்டது. எதையும் சேர்க்கவில்லை, எதையும் நீக்கவில்லை. ஆனால் ஒரு கறுப்பினத்தவரின் தோல் நிறம், அவரைப் பற்றிய தகவல். வாசகர் அதைப் படத்தின் மொழியாக எடுத்துக்கொள்வதில்லை. கறுப்பினத்தவரைக் குற்றவாளியாகவே பார்த்துப் பழகிய சமூகத்தில் அந்தக் கூடுதல் கருமை ஒரு தீர்ப்பாகவே படிக்கப்பட்டது. பகலை இரவாக்குவதும், கலங்கிய ஆற்றைப் பளிங்கு நீலமாக்குவதும் இப்படித்தான். நிறமே செய்தியாக இருக்கும் இடத்தில் நிறத்தைத் தொடுவது பொருளைத் தொடுவதே. இதனால் கோடு அழிந்துவிடுவதில்லை, அது எதைப் பொறுத்தது என்பது தெளிவாகிறது: பார்ப்பவர் அந்தப் படத்திலிருந்து எதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறாரோ, அதைப் பொறுத்தது.

இரண்டாவது கோடு

முதல் கோட்டைத் தாண்டுவது பாவமல்ல. கலை முழுவதும் அந்தப் பக்கம்தான் செழித்திருக்கிறது. 1857இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் கண்காட்சியில் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து, நல்வழிக்கும் தீயவழிக்கும் நடுவே நிற்கும் இளைஞர்களைக் காட்டும் ஒரே பெரும் படத்தை வைத்தார். விக்டோரியா அரசி அதன் பிரதி ஒன்றை வாங்கினார். இருபதாம் நூற்றாண்டில் ஜெர்ரி யூல்ஸ்மன் இருட்டறையில் பல என்லார்ஜர்களை வரிசையாக வைத்து, ஒரே தாளை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தி, வேரோடு வானில் மிதக்கும் மரங்களை உருவாக்கினார். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல். விவான் சுந்தரம் 2001 வாக்கில் தன் தாத்தா எடுத்த குடும்பப் படங்களை டிஜிட்டல் முறையில் கலந்து, ஓவியர் அம்ரிதா ஷெர்-கில் தன் வெவ்வேறு வயதுகளோடு ஒரே அறையில் இருப்பதாகக் காட்டினார். பெங்களூரின் புஷ்பமாலா, கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய ரவிவர்மா ஓவியங்களையும் காலனிய கால ஆய்வுப் படங்களையும் தானே வேடமிட்டு மறுபடி நடித்துப் படமாக்கினார். இவர்கள் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இவை சாட்சியம் அல்ல என்பதைப் படமோ, அது நின்ற இடமோ வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

ஒளிப்படக் கலைஞர் ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கியின் ரைன் நதிப் படத்தை ரூதிக்கின் படத்துக்கு அருகே வைத்துப் பார்த்தால் இந்த இரண்டாவது கோடு துலங்கும். 1999இல் உருவான அந்தப் படத்தில் பச்சைக் கரை, சாம்பல் ஆறு, பச்சைக் கரை, வானம்; ஏறக்குறைய வேறொன்றும் இல்லை. எதிர்க்கரையில் இருந்த மின்நிலையத்தை அவர் கம்ப்யூட்டரில் அகற்றிவிட்டார். பாத நுனி எங்கே, மின்நிலையம் எங்கே! ஆனால் 2011இல் அந்தப் படம் 43 லட்சம் டாலருக்கு விலைபோனது. யாரும் மோசடி என்று சொல்லவில்லை. குர்ஸ்கி அதை ரைன் கரையின் நிலவரம் பற்றிய செய்தியாகத் தரவில்லை, நீக்கியதை மறைக்கவும் இல்லை. ரூதிக் தன் படத்தைத் தந்த இடம் செய்திப் படங்களின் மேடை. அந்த மேடையில் ஏறும் ஒவ்வொரு படமும், வாயைத் திறக்காமலே, நான் கண்டதைத் தருகிறேன் என்று உறுதிமொழி எடுத்துக்கொள்கிறது.

இந்த உறுதிமொழி எவ்வளவு எளிதில் முறியும் என்பதைச் சென்னை நேரில் கண்டிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, பிரதமர் வானிலிருந்து சேதங்களைப் பார்வையிடும் படம் ஒன்றைப் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. ஜன்னல் வழியே தெரிந்த வெள்ளக்காட்சி தனியாக ஒட்டப்பட்டது என்று பார்த்தவர்கள் சுட்டிக்காட்டியதும் படம் நீக்கப்பட்டது. இரண்டு படங்களை இணைத்தது தவறான முடிவு என்று அந்த அலுவலகம் வருத்தமும் தெரிவித்தது. வெள்ளம் உண்மை, பிரதமர் பறந்து பார்த்ததும் உண்மை. பிறகு என்ன குற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு உண்மைகளை ஒட்டும்போது மூன்றாவதாக ஒரு கூற்று பிறக்கிறது: இந்த ஜன்னலில், இந்த நொடியில், இந்தக் காட்சி தெரிந்தது என்பது. அந்தக் கூற்று பொய். பேரிடர் நேரத்தில் அரசு தரும் ஒவ்வொரு படத்தையும் மக்கள் நம்பியாக வேண்டியிருப்பதால் அது சிறிய பொய்யும் அல்ல.

எடிட்டிங் துளியும் இல்லாமலே இரண்டாவது கோட்டை மீறலாம் என்பதையும் கவனிக்க வேண்டும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் படப் போட்டியில் 2009இல் முதல் பரிசு, இரவில் வேலிக்கதவைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படத்துக்குக் கிடைத்தது. அந்த ஓநாய் பெரும்பாலும் பழக்கப்பட்ட விலங்காகவே இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுசெய்து பரிசைத் திரும்பப் பெற்றார்கள். படமெடுத்தவர் அதை மறுத்தார். படத்தில் ஒரு பிக்ஸல்கூட மாற்றப்பட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை. காட்டில் திரிந்த ஓநாய் என்ற வாக்குத்தான் உடைந்தது. புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரியின் வழக்கில் எடிட்டிங் இருந்தது, ஆனாலும் அதுவும் வாக்கைப் பற்றிய பாடமே. இந்தியாவில் அவர் எடுத்த படங்கள் பலவற்றில் மனிதர்களும் பொருள்களும் நீக்கப்பட்டது 2016இல் வெளிவந்தபோது, தான் செய்தியாளர் அல்ல, படங்களால் கதை சொல்பவர் என்றார். அப்படி இருப்பதில் தவறே இல்லை. ஆனால் பல்லாண்டுகள் நேஷனல் ஜியாகரபிக் இதழின் நம்பகத்தோடு உலகம் அவரைப் பார்த்துவந்தது. கதை என்ற அறிவிப்பு முதலில் வர வேண்டும். கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வந்தால் அது விளக்கம் மட்டுமே.

சொன்னால் அழகு குறையுமா?

எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டினால் வியப்பு செத்துவிடும், கலைஞரின் சுதந்திரம் சுருங்கிவிடும் என்பது படைப்பாளிகள் தரப்பின் முறையீடு. யூல்ஸ்மன் தன் இருட்டறை முறையைப் பல்கலைக்கழக வகுப்பிலும் மேடைகளிலும் விளக்கிக்கொண்டே இருந்தார். மரம் மிதப்பது நிற்கவில்லை. எப்படிச் செய்தார் என்று தெரிந்த பிறகுதான் அவருடைய பொறுமையும் கைத்திறனும் நமக்குப் புலப்படுகின்றன. மறைத்தால் மட்டுமே நிற்கும் அழகு, கலையின் அழகாக இருக்க முடியாது. லேபிள் எங்கே, எப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். டைம் இதழ் அந்த அட்டையைப் புகைப்படத்தை அடிப்படையாகக் கொண்ட சித்திரம் என்று உள்பக்கத்தில் குறிப்பிடத்தான் செய்தது. கடைத்தட்டில் அட்டையை மட்டும் பார்த்துக் கடந்தவர்களுக்கு அது எட்டவே இல்லை. பிரான்சில் விளம்பரப் படங்களில் மாடலின் உடலை மெலியவோ பருக்கவோ செய்திருந்தால் அதைப் படத்தோடு அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கலையைத் தடுக்காமல் வாக்கைத் தெளிவாக்கும் வழி இது.

நம் ஊர் ஸ்டுடியோக்களுக்கு இந்தப் பிரச்சினை புதிதல்ல. காலமான கணவரின் பழைய படத்தை மனைவியின் படத்தோடு இணைத்து, டச்சிங் செய்து, தம்பதியாக நிற்கவைத்துச் சட்டம் போட்டுத் தருவது நெடுநாள் வழக்கம். அது அன்பின் வேலை. வீட்டில் எல்லாருக்கும் அது எப்படி வந்தது என்று தெரியும். அதில் பொய் இல்லை. ஆனால் தெரிந்தவர்கள் மறைந்து, மூன்றாவது தலைமுறையின் கைக்கு வரும்போது அதே படம் நடந்த நிகழ்ச்சியின் ஆதாரமாகிவிடுகிறது. படத்தின் பின்புறம் ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அது அன்பின் ஆவணமாகவே நிலைத்திருக்கும். எல்லாப் புனைவுப் படங்களுக்கும் இது பொருந்தும். படம் நெடுங்காலம் வாழும், அதைப் பற்றிய அறிவு அவ்வளவு காலம் வாழாது. இப்போது சில கேமராக்கள் எடுத்த விவரத்தைக் கோப்பிலேயே முத்திரையிட்டு வைக்கின்றன; பிறகு செய்யும் மாற்றங்களை எடிட்டிங் மென்பொருள் அதோடு சேர்க்கலாம். 2023இல் வந்த லைகா எம்11-பி இவ்வகையில் முதலாவது. நல்ல முயற்சி. ஆனால் என்ன மாற்றம் என்பதைத்தான் அந்த முத்திரை சொல்லும். என்ன வாக்கோடு படம் வெளியிடப்படுகிறது என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தக் கோடுகளுக்கெல்லாம் அர்த்தமே இல்லை என்கிறார்கள். எனக்கு எதிர்மாறாகத் தோன்றுகிறது. 2023இல் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படத்தைத் திரையில் காட்டி சாம்சங் கைபேசியில் ஒருவர் படமெடுத்தபோது, மூலத்தில் இல்லாத நுணுக்கங்களோடு நிலவு வந்தது. இருளைத் தூக்குவது திருத்தம். லென்ஸுக்குள் வராத பள்ளங்களை நிரப்புவது, அது எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், முதல் கோட்டுக்கு அப்பால். வைத்திருப்பவருக்கே தெரியாமல் கைபேசி கோட்டைத் தாண்டுவதால் கோடு மறைந்துவிடாது. சொல்ல வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளருக்கும் வருகிறது. அதே ஆண்டு கலைஞர் போரிஸ் எல்டாக்சன், முழுக்க இயந்திரம் உருவாக்கிய படத்துக்குக் கிடைத்த சோனி உலகப் புகைப்படப் பரிசை ஏற்க மறுத்து, இது புகைப்படமே அல்ல என்று அறிவித்தார். அவர் சொன்னது சரி. யூல்ஸ்மனின் மரத்தின் மேல் ஒருநாள் உண்மையான வெயில் விழுந்தது. எந்தப் பொருளின் மேலும் ஒளி விழாமல் பிறக்கும் படம் எடிட்டிங்கின் அடுத்த படி அல்ல, வேறொரு கலை. அதற்கும் தனக்குரிய பெயரும் மேடையும் வேண்டும்.

எனவே, ஒரு படத்தின் முன் நிற்கும்போது இரண்டு கேள்விகள் போதும். அந்த நொடியில் அங்கே இருந்ததையா இது காட்டுகிறது? இல்லையென்றால், அதை என்னிடம் சொல்லிவிட்டார்களா? பத்திரிகைகளும் போட்டி நடத்துவோரும் முதல் கேள்விக்கான பதிலைப் படத்தின் கீழே ஒரே வரியில், படம் தெரியும் அதே இடத்தில் அச்சிடுவதை வழக்கமாக்கினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். புனைவைப் புனைவு என்று தலைநிமிர்ந்து சொல்லும் கலைஞர் இதனால் எதையும் இழக்கப்போவதில்லை. சொல்லாமல் விடுபவர் செலவழிப்பது தன் சொத்தை அல்ல. போர்முனையிலும் வெள்ளத்திலும் நின்று கண்டதை மட்டுமே காட்டிய செய்திப் படக்காரர்கள் நூறாண்டுகளுக்கு மேலாகச் சேர்த்துவைத்த நம்பிக்கையை. அது தீர்ந்துபோனால், நடந்தது என்று நிரூபிக்க வேண்டிய நாளில் உண்மையான படத்துக்கும் மதிப்பு இருக்காது.